கூட்டல் சரி

கணவனின் அண்ணனான மூத்தார் செத்த கோழிக்குஞ்சுகளைக் கூடையோடு தூக்கிவந்து அவள் வாசற்படியில் தொப்பென்று வைத்தார். காலை ஏழு மணி. அதற்குள் வெயில் முற்றத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் கையில் கரண்டியோடு வெளியே வந்தாள். கூடையில் ஈரப் பஞ்சுபோல ஒன்றின்மேல் ஒன்றாகக் குஞ்சுகள் கிடந்தன.

"எண்ணிப் பாத்துக்கச் சொல்லு உன் பொண்டாட்டிய," என்றார் மூத்தார். அவளிடம் பேசவில்லை, பல் தேய்த்துக்கொண்டிருந்த தம்பியிடம் பேசினார். கோபம் வந்தால் அவருக்கு அவள் அங்கே நிற்பதே தெரியாது. "நூத்திப் பன்னெண்டு. நேத்து எழுவது. முந்தாநாள் நாப்பது. நாளைக்கு எத்தனைன்னு அவதான் கணக்குல புலியாச்சே, சொல்லச் சொல்லு."

"வெயில்ணே," என்றான் அவள் கணவன், நுரையைத் துப்பிவிட்டு. "நாலு நாளா இந்தக் காய்ச்சு காய்ச்சுது. மனுசனே சுருண்டு விழுறான்."

"போன வருசமும்தாண்டா காஞ்சுது. இப்படியா செத்துது? பன்னெண்டு நாள் குஞ்சுடா. உன் மில்லுத் தீவனத்தப் பிரிச்ச மறுநாள் ஆரம்பிச்சது இது."

அண்ணன் தம்பி இருவரும் ஒரே முற்றத்தைச் சுற்றி இரண்டு வீடுகளில் இருந்தார்கள். முற்றத்தின் கடைசியில் மூத்தாரின் கோழிக் கொட்டகை. உள்ளே நாலாயிரம் குஞ்சு. தம்பி, கொஞ்ச தூரத்திலிருந்த தீவன மில்லில் கலவை மிஷின் மேஸ்திரி. தம்பி பெண்டாட்டி அதே மில்லில் ஆபீஸ் வேலை. சொந்தத் தம்பி கலக்கும் தீவனத்தைத் தவிர வேறு எதையும் மூத்தார் தன் கொட்டகைக்குள் விட்டதில்லை. அதில் அவருக்குப் பெருமைகூட உண்டு. அந்தப் பெருமைதான் இப்போது வாசற்படியில் கூடையாக இறங்கியிருந்தது.

எதிர் வீட்டிலிருந்து மூத்தாரின் மனைவி, அவள் ஓரகத்தி, வந்தாள். அவள் வந்தால் சண்டை நடுவில்தான் வருவாள். ஆரம்பம் அவளுக்குத் தேவைப்படாது.

"தண்ணித் தொட்டிய ஒரு நாளைக்கு நாலு தடவ ரொப்புறேன். குடிச்சிக்கிட்டே சாவுதுங்க. கீழ ஒரே சகதி. நாத்தம் கொடலப் பொரட்டுது. ஏண்டி, ஃபேனுக்குக் கீழ உக்காந்து பேனா புடிக்கிறவளே, என்னத்தடி போட்டுக் குடுத்தீங்க அந்த மூட்டையில?"

"நான் மூட்டை கட்டுறதில்லக்கா. லிஸ்ட்டுதான் ஏத்துறேன்."

"அதத்தான் கேக்குறேன். யாரு ஏத்துனா?"

அவள் கணவனைப் பார்த்தாள். பத்து வருஷம் கூட வாழ்ந்தவன். வெயில் என்று இன்னொரு தடவை சொல்வான், அல்லது டாக்டரைக் கூப்பிடுவோம் என்பான் என்று நினைத்தாள். அவன் வாயைக் கொப்பளித்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"லிஸ்ட் ஏத்துறது அவ. கையெழுத்துப் போடுறது அவ. பெட்டியில என்ன இருக்கோ அதக் கலக்கும் மிஷின். நான் பட்டன் அமுக்குறவன்ணே."

அந்த வார்த்தை அவளைச் சுட்டது. கூடையை விட அதிகமாகச் சுட்டது. உள்ளே அடுப்பில் பால் பொங்கி வழிந்த வாடை வந்தது, அவள் நகரவில்லை.

"நான் போய்ப் பாக்குறேன் மாமா," என்றாள். "அதுவரைக்கும் அந்தத் தீவனத்தப் போடாதீங்க."

"போடாம என்னத்தப் போடுறது? உன் வீட்டுச் சோத்தையா?" என்றாள் ஓரகத்தி.

மில்லில் அவளை டிக்கம்மா என்பார்கள். காகிதத்தைக் கண்டால் டிக் அடிக்காமல் விடமாட்டாள் என்பதற்காக லாரிக்காரர்கள் வைத்த பெயர். அவள் வேலை சொல்வதற்குச் சின்ன வேலை. எந்தத் தீவனத்தில் எது எவ்வளவு என்பதை வாரம் ஒரு முறை நகரத்திலிருந்து பார்முலா டாக்டர் கம்ப்யூட்டரில் அனுப்புவார். மக்காச்சோளம், புண்ணாக்கு, தவிடு, மீன் தூள் என்று பதினோரு வரி; எல்லாம் கூட்டினால் ஆயிரம் கிலோ. அதை ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துப்போய்க் கலவை மிஷினின் பெட்டிக்குள் ஏற்ற வேண்டும். இரண்டும் வெவ்வேறு கம்பெனிக்காரன் செய்தது. ஒன்று பேசுவது இன்னொன்றுக்குச் சரியாக விளங்காது. ஒரு தடவை ஒரு வரி பாதி வழியில் காணாமலே போயிருக்கிறது; இன்னொரு தடவை சுண்ணாம்புத் தூள் இரண்டு முறை ஏறியிருக்கிறது.

அதற்காகத்தான் மூன்று சோதனைகளை அவளே எழுதி, முதலாளியிடம் மல்லுக்கட்டி, சுவரில் ஒட்டவைத்தாள். முதலில் வரிகளை எண்ண வேண்டும்: அங்கே பதினொன்று, இங்கே பதினொன்று. இரண்டாவது கூட்டல்: ஆயிரம் வரவில்லையென்றால் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும், மிஷின் ஓடாது. மூன்றாவது வாசிப்பு. அவள் டாக்டரின் காகிதத்தைப் பார்த்து வரிவரியாகச் சத்தம் போட்டுச் சொல்ல, இன்னொருவர் பெட்டியின் திரையைப் பார்த்து 'சரி' சொல்ல வேண்டும். மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம், தனித்தனிக் கையெழுத்து.

'சரி' சொல்ல வேண்டியவன் அவள் கணவன். அவனுக்கு அது பிடிக்கவில்லை. பெண்டாட்டி சொல்லச் சொல்லத் தலையாட்டுகிறான் என்று மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். "கூட்டல் சரியா வந்தாச்சுல்ல? அப்புறம் என்ன ரெண்டாங் கிளாஸ்ல வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி?" என்றான். இவளும் ஒரு வாரம் சண்டை போட்டாள், இரண்டாவது வாரம் முணுமுணுத்தாள், மூன்றாவது வாரத்திலிருந்து வாசிக்காமலே வாசித்த கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். நாலு மாதமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். மில்லுக்கு நடந்துபோகிற வழியெல்லாம் அந்தக் கையெழுத்துதான் அவள் கண்முன்னால் நின்றது.

மில்லில் தூசி வெயிலில் அரிசி மாவுபோல மிதந்தது. அவள் யாரிடமும் பேசாமல் போன வாரத்துக் கோப்பை எடுத்தாள். குஞ்சுத் தீவனம், நாலு கலவை, எண்பது மூட்டை. பெட்டியிலிருந்து மிஷின் அடித்துக்கொடுத்த சீட்டை அதற்குப் பக்கத்தில் வைத்தாள். வரி பதினொன்று. கூட்டல் ஆயிரம். அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது. அந்த மூச்சை நம்பித்தானே இத்தனை நாள் ஓட்டினோம் என்று உடனே உறைத்தது.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒற்றை ஆளாக, வாய்விட்டு வாசித்தாள். இடது கை விரல் டாக்டரின் காகிதத்தில். வலது கை விரல் மிஷினின் சீட்டில். மக்காச்சோளம் சரி. புண்ணாக்கு சரி. தவிடு எழுபது, இங்கே நாற்பத்தைந்து. விரல் நின்றது. மீன் தூள் சரி. எண்ணெய் சரி. உப்பு இரண்டு புள்ளி எட்டு. இங்கே இருபத்தெட்டு.

ஆயிரம் கிலோவுக்கு மூன்று கிலோ உப்பு என்றுதான் எப்போதும் வரும். இந்த முறை மீன் தூளில் உப்புக் கொஞ்சம் தூக்கலாக இருந்ததால், டாக்டர் பார்த்துப் பார்த்து இரண்டு புள்ளி எட்டாகக் குறைத்திருந்தார். மிஷின் பெட்டிக்குப் புள்ளி தெரியாது. முழு எண்தான் அதற்குத் தெரியும். புள்ளியை உதறிவிட்டு இருபத்தெட்டாக எடுத்துக்கொண்டுவிட்டது. தண்ணீரைக் குடித்துக்கொண்டே சாகிற குஞ்சுகள். கீழே சகதி. வெயிலாவது மண்ணாங்கட்டியாவது.

உப்பு தப்பானது எப்படி என்பது விளங்கிவிட்டது. விளக்கு ஏன் எரியவில்லை? இருபத்தைந்து கிலோ கூடினால் கூட்டல் ஆயிரத்து இருபத்தைந்தாக வந்திருக்க வேண்டும். வரவில்லை. யாரோ தவிட்டில் சரியாக அந்த இருபத்தைந்தைக் குறைத்திருந்தார்கள். பெட்டியின் திரையில் தவிட்டு வரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி இருக்கும். நாலு மாதமாக இருக்கிறது. அது என்ன என்று ஒரு தடவை கேட்டிருக்கிறாள். புது மாடல் அப்படித்தான் என்று பதில் வந்தது.

பதில் சொன்னவன் கீழே மிஷின் பக்கத்தில் நின்று ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தான். அவள் சீட்டோடு இறங்கிப்போனாள். மிஷின் ஓடும் சத்தத்தில் காதோடு காதாகத்தான் பேச முடியும்; தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்குப் புருஷன் பெண்டாட்டி கொஞ்சிக்கொள்வதுபோல இருந்திருக்கும்.

"தவிட்டுக்குப் பக்கத்துல இருக்குற நட்சத்திரம் என்னங்க?"

"இப்ப என்ன அதுக்கு?"

"கேக்குறேன், சொல்லுங்க."

"டாக்டர் லிஸ்ட்டு எப்பவுமே ஒரு கிலோ முன்ன பின்ன வருது. தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது வரும், ஆயிரத்தொண்ணு வரும். ஒடனே செவப்பு லைட்டு. நீ டாக்டருக்குப் போன் போட்டு, அவரு எடுத்து, திருத்தி அனுப்புறதுக்குள்ள ஒரு மணி நேரம் மிஷின் நிக்கும். முதலாளி யாரத் திட்டுவாரு? ஒன்னையா? அதான் மெக்கானிக் வந்தப்ப சொல்லி, தவிட்ட மட்டும் அதுவாவே கூட்டிக் கொறச்சுக்குற மாதிரி வெச்சேன். ஒரு கிலோ தவிட்டுல என்ன கெட்டுப்போவுது?"

"ஒரு கிலோன்னு அந்தப் பெட்டிக்கு யாரு சொன்னா? இருவத்தஞ்சு கிலோ கொறச்சிருக்கு. உப்பு இருவத்தெட்டு கிலோ போயிருக்குங்க. ஒவ்வொரு கலவையிலயும்."

அவன் சீட்டை வாங்கிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். முகம் வெளுத்ததை அவள் கண்டாள். ஒரு நொடி அவன்மேல் பரிதாபம்கூட வந்தது. அவன் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தபோது அந்தப் பரிதாபம் போய்விட்டது.

"வெயில்னு விட்ரு," என்றான்.

"என்னது?"

"எல்லா எடத்துலயும் சாவுது. எவனுக்கும் தெரியாது. அண்ணனுக்கு நாளைக்கு வேற மூட்டை குடுத்துர்றேன்."

"மத்த அறுவது மூட்டை?"

அவன் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"உங்க அண்ணன் வீட்டுக்குப் போனது இருவது. மிச்சம் அறுவது மூட்டை நேத்து சாயங்காலந்தான் லாரி ஏறிச்சு. மூணு பண்ணை. இந்நேரம் பிரிச்சிருப்பாங்க."

"சொன்னா என்ன ஆவும்னு தெரியுமா? ரெண்டு பேர் வேலையும் போவும். மொதல்ல ஒன்னோடதுதான் போவும். வாசிச்சதா கையெழுத்து யாரோடது? என்னோடதா?"

"என்னோடதுதான்."

"தெரியுதுல்ல? அப்ப வாயை மூடு."

"காலையில உங்க அண்ணன் முன்னாடி என்ன சொன்னீங்க? பட்டன் அமுக்குறவனா? பட்டன் அமுக்குறவனுக்கு நட்சத்திரம் வெக்கத் தெரியுமா?"

"கத்தாத. ஆளுங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும்," என்றாள். அவன் பையில் மடித்து வைத்த சீட்டைத் திருப்பிக் கேட்கவில்லை. பெட்டியில் ஒரு பொத்தானை அமுக்கினால் இன்னொன்று அடித்துக்கொடுக்கும். அது அவனுக்கும் தெரியும்.

முதலாளியிடம் போவதற்கு முன்னால் ஆபீஸ் போனை எடுத்து மூன்று பண்ணைக்கும் பேசினாள். முதலாளியிடம் முதலில் போனால் போனில் கை வைக்க விடமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். முதல் பண்ணைக்காரர் நல்ல வேளை இன்னும் பிரிக்கவில்லை என்றார். இரண்டாவது ஆள் காலையில்தான் போட்டேன் என்று பதறி, போனைக் கீழே வைக்காமலே யாரையோ கத்திக் கூப்பிட்டார். மூன்றாவது வீட்டில் எடுத்த அம்மாள், பேரைச் சொல்லு, எழுதி வெச்சுக்கணும் என்று அதட்டினாள். இவள் தன் பேரைச் சொன்னாள். எழுத்துக்கூட்டியும் சொன்னாள்.

முதலாளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"கூட்டல் சரியா இருந்துச்சுங்கிற. அப்புறம் எப்படிம்மா தப்பு?"

"அது எப்பவும் சரியாத்தாங்க இருக்கும். நாளைக்குப் பத்து கிலோ மண்ணப் போட்டாலும் தவிட்டுல பத்து கொறச்சு ஆயிரம்னு காட்டும். பச்ச லைட்டு எரியும். அந்த நட்சத்திரத்த எடுக்கச் சொல்லுங்க மொதல்ல."

"யாரு வெச்சா அத?"

"மேஸ்திரியக் கேளுங்க."

மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள். அவன் வந்து கதவோரம் நின்றான். பெண்டாட்டி பக்கம் திரும்பவில்லை.

"மெக்கானிக் வெச்சிருப்பாங்க," என்றான். "எனக்கு அதெல்லாம் தெரியாது."

பச்சைப் பொய். முதலாளிக்கும் அது பொய்யென்று தெரிந்தது; அவர் முகத்தைப் பார்த்தாலே போதும். ஆனால் அந்தக் கலவை மிஷினை ஓட்டத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். டிக் அடிக்க ஆயிரம் பேர் கிடைப்பார்கள் என்று அவர் நினைத்தார். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

"என்னைக் கேக்காம மூணு பண்ணைக்குப் போன் போட்டிருக்க. மில்லு பேரே நாறப்போவுது. உன் தப்ப எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ. நாளையிலேருந்து வர வேண்டாம்."

அவள் எழுதினாள். நாலு மாதமாக வாசிக்காமல் வாசித்ததாகக் கையெழுத்துப் போட்டேன் என்று எழுதினாள். அதற்கு மேல் ஒரு எழுத்து எழுதவில்லை. அதில் ஒரு எழுத்துக் குறைக்கவும் இல்லை. எழுதிய தாளைக் கணவன் கைக்கு நீட்டி, "நீங்களும் ஒருக்கா வாசிச்சுப் பாருங்க," என்றாள். அவன் வாங்கவில்லை.

மதிய வெயிலில் வீட்டுக்கு வந்தபோது மூத்தார் கொட்டகையில்தான் இருந்தார். உப்பு அதிகம் என்று சொன்னதும் மனிதர் மறுபேச்சுப் பேசவில்லை. மிச்சமிருந்த எட்டு மூட்டையையும் வெளியே இழுத்துப் போட்டார். தீவனத் தட்டுகளைக் கவிழ்த்துக் கழுவி, வெறும் மக்காச்சோளத்தை உடைத்துப் போட்டார்கள். அவளும் குனிந்து, ஈரச் சகதியை வழித்துக் கூடையில் அள்ளினாள். உயிரோடிருந்த குஞ்சுகள் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு நின்றன. வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் ஓரகத்தி வாயைத் திறந்தாள்.

"யாரு தப்பு?"

"நான் வாசிக்காம கையெழுத்துப் போட்டேன்க்கா."

"அப்ப நீதான?"

"நான் போட்டது பொய்க் கையெழுத்து. அது என் தப்பு."

அதற்குமேல் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அது அவன் வாயிலிருந்து வரட்டும் என்று நினைத்தாள். சாயங்காலம் வருவான், அண்ணன் முன்னால் நிற்பான், தன்னுடையதைச் சொல்வான். அவ்வளவுதான் அவள் எதிர்பார்த்தது. வேலை போனது போகட்டும். இந்த முற்றத்தில் தான் மட்டும் குற்றவாளியாக நிற்க முடியாது. பிறந்த வீட்டுக்குப் போவதென்றாலும் அந்தப் பேரோடு போக அவளுக்கு மனமில்லை.

"நாசமாப் போறவளே," என்று ஆரம்பித்தாள் ஓரகத்தி. "கொட்டகையில பாதி போச்சு. எங்க வீட்டுக் கஞ்சியில மண்ணள்ளிப் போட்டுட்டு நின்னு பதில் வேற பேசுற. பொய்க் கையெழுத்துப் போட்ட கைய என்ன பண்ணணும்?" அவள் பேசிக்கொண்டே போனாள். முக்கால் மணி நேரம். இவள் சகதிக் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

சாயங்காலம் அவன் வந்தான். மூத்தார் கொட்டகை வாசலில் நின்று, "டேய், என்னடா ஆச்சு?" என்று கேட்டார்.

"அதான் அவளே எழுதிக் குடுத்துட்டாளேண்ணே," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்ச் சட்டையைக் கழற்றினான். சாப்பாடு வைத்தாள். சாப்பிட்டான். "முட்டையில காரம் கம்மி," என்றான்.

மறுநாள் அவன் வழக்கம்போல வேலைக்குப் போனான். பத்து மணிக்கெல்லாம் வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்து முற்றத்தில் நின்றான். அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"கெளம்பு. முதலாளி வரச் சொன்னாரு."

"எதுக்காம்?"

"நட்சத்திரத்த எடுத்துட்டாங்க. இன்னைக்கு லிஸ்ட்டு தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது. செவப்பு லைட்டு எரியுது. டாக்டர்கிட்ட என்ன பேசுறது, எந்த வரியத் திருத்துறதுன்னு ஒருத்தனுக்கும் தெரியல. அஞ்சு லாரி வெளிய நிக்குது. முதலாளி குதிக்கிறாரு. நேத்து சொன்னதையெல்லாம் மனசுல வெச்சுக்காதன்னாரு."

"வாசிக்கணுமே. யாரு 'சரி' சொல்லுவா?"

"நான் சொல்றேன். பதினோரு வரியும் சொல்றேன். போதுமா? நாலு பேரு சிரிச்சா சிரிச்சுட்டுப் போவட்டும். வா."

அவள் கடைசித் துணியை உதறிக் கொடியில் போட்டாள். கிளிப்பை மாட்டினாள்.

"வரேன். அதுக்கு முன்னாடி கொட்டகைக்குப் போங்க. உங்க அண்ணன் குஞ்சுகளப் பொதைக்க அங்கதான் குழி வெட்டிக்கிட்டிருக்காரு. தவிட்டுக்கு நட்சத்திரம் வெச்சது நான்தான்னு சொல்லிட்டு வாங்க. சேலைய மாத்திக்கிட்டு நிக்கிறேன்."

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். லாரி நிக்குதுங்கிறேன்."

"ஒரு வார்த்தைங்க. முப்பது அடி தூரம்."

"அண்ணன் என்னை வெட்டிப் போட்ருவாருடி."

"என்னை நேத்துலேருந்து வெட்டிக்கிட்டிருக்காங்க. பாத்துக்கிட்டுத்தானே சாப்பிட்டீங்க?"

அவன் நின்றான். கொட்டகைப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். வேலிக்கு மேலே மூத்தாரின் மண்வெட்டி ஏறி இறங்குவது தெரிந்தது. இரண்டடி அந்தப் பக்கம் வைத்தான். சொல்லிவிடுவான் என்றே அந்த இரண்டடியில் நம்பினாள். அவன் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான். திரும்பினான். வெளி வாசலைத் திறந்துகொண்டு மில்லுக்குப் போகிற பாதையில், வந்ததைவிட வேகமாக நடந்தான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதைவிட, நாள் முழுக்க மில் நிற்பது அவனுக்குச் சுலபமாக இருந்தது.

"என்னடி, கூப்புட வந்தானா?" என்று எதிர் வீட்டு ஜன்னலிலிருந்து ஓரகத்தி கேட்டாள். "இத்தனையும் பண்ணிட்டு வெக்கமில்லாம திரும்பவும் அங்க போய் உக்காரப் போறியா?"

"இல்லக்கா. இங்க வாங்க. நீங்களும் வந்து கேளுங்க."

வெறுங்காலோடு முற்றத்தைக் கடந்தாள். தரை கொதித்தது. ஓரகத்தி இன்னும் வசைபாடிக்கொண்டே பின்னால் வந்தாள். மூத்தார் இடுப்பளவு குழிக்குள் நின்றுகொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னொரு வெட்டு வெட்டினார்.

"மாமா," என்றாள். "நேத்து நான் சொன்னது பாதிதான்."

மண்வெட்டி மண்ணிலேயே நின்றது.

"சொல்லு," என்றார் அவர். இரண்டு நாளில் அவளைப் பார்த்து அவர் பேசிய முதல் வார்த்தை அது.